ஸாய் என்றால் முழுசா

என் முதல் இன்டர்வியூ ஒரே வார்த்தையில் போனது. அந்த வார்த்தை 'கொஞ்சம்'.

போடிமெட்டில் என் கூட்டுக்காரி கடை வைத்திருக்கிறாள். டீ, ஆம்லெட், மழை நாளில் சுட்ட மக்காச்சோளம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு அவள் ஹாங்காங் போய், வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலையில் பல வருஷம் இருந்தாள். புருஷனுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து கடை போட்டாள். நான் எங்கும் போகவில்லை. கொழுந்து எடுத்தேன்.

அவள் போனில்தான் இன்டர்வியூ. கடைக்குப் பின்னால் உள்ள அறையில், போனை ஒரு எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தாள். எதிரே ஹாங்காங்கிலிருந்து ஒரு பெண். தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினாள். அந்த ஊரில் பேசுவது கான்டனீஸ். சீனப் பாஷைகளில் ஒன்று. நான் சில மாதமாகக் கூட்டுக்காரியிடம் அதைக் கேட்டுப் பழகியிருந்தேன். அந்தப் பெண் எனக்காக மெதுவாகப் பேசினாள். கேள்வி எல்லாம் புரிந்தது.

சமைக்கத் தெரியுமா என்றாள். "ஸியூ ஸியூ" என்றேன். கொஞ்சம் என்று அர்த்தம்.

நடக்க முடியாதவரைத் தூக்கிக் குளிப்பாட்டத் தெரியுமா என்றாள். ஸியூ ஸியூ.

வீட்டில் நாய் உண்டு, நாய் பிடிக்குமா என்றாள். ஸியூ ஸியூ.

கடைசியில், இங்கே வர உனக்கு விருப்பமா என்று கேட்டாள். அதற்கும் அதையே சொன்னேன்.

அந்தப் பெண் சிரித்தாள். மரியாதையாகத்தான் சிரித்தாள். மறுநாள் ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வேண்டாம் என்று செய்தி வந்தது.

கூட்டுக்காரி கரண்டியை ஆம்லெட் கல்லில் தட்டினாள்.

"வர இஷ்டமான்னு கேக்கா. கொஞ்சம்னு சொல்லுத. யாருட்டி ஒன்னக் கூப்பிடுவா?"

"பின்ன என்ன சொல்ல? ஆலாப் பறக்கேன்னு சொல்லவா?"

"ஆமா. அதத்தான் சொல்லணும்."

"எனக்கு வராது."

"வராதுன்னா தேயிலைக்குள்ளயே கெட."

அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்துதான் திட்டினாள். எங்கள் மலையில் யாரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை. தேயிலைக் காட்டில் நிரை முடிந்ததா என்று சூப்பர்வைசர் கேட்பார். நிரை என்றால் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த செடி வரிசை. முடிந்திருந்தாலும், "கொஞ்சம் கெடக்குங்க" என்போம். முடிந்தது என்று சொன்னால் உடனே வேறு காட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரு வேலை தெரியுமா என்று கேட்டால், "கொஞ்சம் தெரியும்." நன்றாகத் தெரியும் என்றால் அந்த வேலை நம் தலையில் விழும். தெரியாது என்றால் ஆளைக் கழித்துக் கட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் பிழைப்பு ஓடும். என் அம்மாவும் அப்படித்தான் பேசினாள். வலி எப்படி இருக்கிறது என்று ஆசுபத்திரியில் கேட்டாலும் கொஞ்சம் என்போம்.

எனக்கு இயல்பிலேயே பேச்சு குறைவு. இதுவும் சேர்ந்துகொண்டது.

ஆனால் எனக்குப் போக வேண்டியிருந்தது. நான் இருப்பது எஸ்டேட் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. வேலையில் பெயர் இருக்கும் வரைதான் வீடு. ரிட்டயர்டு ஆனால் சாவியைக் கொடுக்க வேண்டும், அல்லது பிள்ளை அதே வேலையில் சேர வேண்டும். என் அப்பா ரிட்டயர்டு ஆனபோது நான் சேர்ந்தேன். வீடு தங்கியது. எனக்கு ஒரே மகள். போடியில் ஹாஸ்டலில் இருந்து காலேஜ் படிக்கிறாள். வீட்டுக்காக அவள் கூடை தூக்கக் கூடாது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. போடி பக்கம் எங்கள் பெயரில் ஒரு சின்ன இடம், அதில் ஒரு வீடு வேண்டும். யாரும் சாவி கேட்காத வீடு. கொழுந்து எடுத்து அது நடக்காது. ஹாங்காங் போனால் நடக்கும். கூட்டுக்காரிக்கு நடந்தது.

எனவே மறு ஞாயிறு, கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அவள் கடைக்குப் போனேன்.

"சொல்லிக் குடு" என்றேன்.

"என்னத்த?"

"முழுசாங்கிற வார்த்தையெல்லாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கழுவாத கிளாஸ் நிறைந்த வாளியைக் காட்டினாள். "மொதல்ல இதக் கழுவு."

கழுவினேன். கழுவிவிட்டேன் என்றேன்.

"அந்த ஊர்ப் பேச்சுல சொல்லு."

கழுவுவதற்கு 'ஸை' என்று தெரியும். சொன்னேன்.

"ஸைன்னா கழுவு. அவ்வளவுதான். கழுவி முடிச்சியா, பாதியில போட்டியா, யாருக்குத் தெரியும்? பின்னால ஸாய் போடு. ஸை ஸாய். அப்பத்தான் மொத்தமும் கழுவியாச்சுன்னு அர்த்தம்."

நம்முடைய 'ஆச்சு' மாதிரி என்று நினைத்தேன். கழுவியாச்சு, பெருக்கியாச்சு. பழகப் பழகத்தான் வித்தியாசம் தெரிந்தது. கழுவியாச்சு என்று சொல்லிவிட்டு ஓரத்தில் நாலு கிளாஸை விட்டுவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஸாய் போட்டால் விட முடியாது. நான் "ஸை ஸாய்" என்று சொன்னதும் கூட்டுக்காரி வெளியே போய் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். யாரோ டிரைவர் குடித்து வைத்த கிளாஸ் ஒன்று அங்கே இருக்கும். அதை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"இது என்ன? இது ஒங்க மாமா வீட்டுக் கிளாசா?"

இப்படியே எல்லா வேலைக்கும். பெஞ்சு துடைத்தால் ஸாய். சோளம் உரித்தால் ஸாய். சோறு தின்றால் 'ஸிக் ஸாய்'. தட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். நன்றி சொல்வதற்குக்கூட அந்த ஊரில் இதை ஒட்டுகிறார்கள். 'ம் கோய்' என்றால் நன்றி. 'ம் கோய் ஸாய்' என்றால் நன்றி முழுவதும் உனக்குத்தான், கையில் மிச்சம் வைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இவ்வளவு நாள் யாருக்காவது நான் அப்படி நன்றி சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். இல்லை.

ஸாய் எனக்குச் சுலபமாக வந்தது. அது வேலையோடு போகிற வார்த்தை. மற்றவை வரவில்லை. 'ஹோ' என்றால் ரொம்ப. 'ஜன் ஹை' என்றால் நிஜமாகவே. 'யத் திங்' என்றால் கட்டாயமாக. 'யூன் ச்யூன்' என்றால் அடியோடு. அவற்றை நான் சொன்னால் கடைக்காரனிடம் சாமான் கேட்பது மாதிரி இருக்கிறது என்றாள் கூட்டுக்காரி. அந்த ஊரில் 'ஹோ' சொல்லும்போது இழுப்பார்களாம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு ரொம்ப.

"இழுட்டி. ஹோஓஓ."

"ஹோ."

"களச்சுப்போயிட்டேன்னு சொல்லு. ஹோஓ குய்."

"ஹோ குய்."

"ஒனக்குக் களைப்பே வராதாட்டி?"

"வரும்."

"வந்தா யாருக்காவது தெரியுமா?"

தெரியாது. காட்ட மாட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு வாளிக் கிளாஸைக் கழுவினேன்.

காலையில் போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப் டிரைவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மாவே அங்கே வந்து உட்காருவார். எங்கள் பாடத்தைக் கேட்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. தின்பதற்கும் ஸிக், தெரியும் என்பதற்கும் ஸிக். குரலை உசத்தினால் தெரியும், தாழ்த்தினால் தின்பது. நான் குரலை உசத்தாமல் தாழ்த்தாமல் சொல்கிறவள். எல்லாம் தெரியும் என்று சொல்லப் போய், எல்லாவற்றையும் தின்றுவிட்டேன் என்றேன்.

"அக்கா இப்பிடியே போனா ஹாங்காங்ல ஒண்ணும் மிஞ்சாது" என்றார் டிரைவர்.

"நீங்க டீயக் குடிங்க அண்ணே" என்றாள் கூட்டுக்காரி. என்னிடம் திரும்பினாள். "வயசானவுகள போ போன்னு கூப்பிடணும். பாட்டின்னு அர்த்தம்."

"வேலைக்குச் சேந்த அன்னைக்கே போ போன்னா?" டிரைவருக்கு டீ புரையேறியது.

நான் சிரித்தேன். பிறகு ஐம்பது தடவைக்குக் குறையாமல் சொல்லிப் பார்த்தேன். உசத்தி, தாழ்த்தி.

அந்த வாரம் காட்டில் ஒரு காரியம் நடந்தது. நாங்கள் ஒரு செட்டுப் பெண்கள் கீழ்க்காட்டில் இருந்தோம். பனி இல்லை, கொழுந்து குறைவு, சீக்கிரம் முடிந்தது. சூப்பர்வைசர் மேல் ரோட்டில் நின்று கேட்டார்.

"நிரை முடிஞ்சுதாம்மா?"

என் பக்கம் பார்த்துத்தான் கேட்டார். நான் வாரம் பூராவும் வாய்க்குள் ஸாய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வாய் தானாகச் சொன்னது.

"முடிஞ்சுதுங்க. முழுசா."

பக்கத்தில் கொழுந்துக் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சூப்பர்வைசர்கூட ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு எல்லோரையும் பாறைக்காட்டுக்கு ஏறச் சொன்னார். அது செங்குத்தான இடம். மழையில் கால் நிற்காது. மத்தியானம் வரை யாரும் என்னிடம் பேசவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது, என் லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி மட்டும் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. சோற்றைப் பார்த்துப் பேசினாள்.

"சிலபேரு பிளேன் ஏறிப் போயிருவாக. நாம இங்கதான கெடக்கணும்."

"நான் பொய் சொல்லலியே" என்றேன்.

"நீ சொன்னது நெசந்தான். அது ஒன் ஒருத்தி நிரையா?"

 அவள் சொன்னது சரி. எங்கள் 'கொஞ்சம்' ஒருத்தியின் வார்த்தை இல்லை. எல்லோரும் கைகோத்துப் பிடித்த வார்த்தை. நான் கையை எடுத்தால் எல்லோரும் சரிவார்கள். மறுநாள் காலை ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் மஸ்டரில் பாறைக்காட்டின் மேல் நிரையை நானே கேட்டு வாங்கினேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. காட்டில் அந்த வார்த்தையை அதோடு நிறுத்தினேன். கடையில் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அங்க ஒன்கூட நிரைக்கு யாரு நிப்பா?"

"யாருமில்ல."

"அப்ப யாருக்காகக் கொஞ்சம் சொல்லப் போற?"

ஒரு வெங்காயத்தை உரித்து அவள் பக்கம் தள்ளினேன்.

"ஒண்ணு கேக்கேன்" என்றாள். "ஒம் புருஷன் விழுந்து கெடந்தாரே. யாரு பாத்தா?"

அவர் மழையில் சரிவில் வழுக்கி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சாகும் வரை படுக்கைதான். நான் காலையில் அவரைக் கழுவி, புரட்டிப் போட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு மஸ்டருக்கு ஓடுவேன். மத்தியானம் ஓடி வந்து மறுபடி புரட்டுவேன்.

"நாந்தான் பாத்தேன்."

"முதுகுல ஒரு புண்ணு உண்டா அவருக்கு?"

"இல்ல."

"ஆசுபத்திரி நர்சே கேட்டாளாம்லா, எப்பிடி வச்சிருக்கேன்னு. நீதான சொன்ன. அதப் போயி ஸியூ ஸியூங்கியே. அந்த மனுஷனுக்காகவாவது நெசத்தச் சொல்லு."

நான் எழுந்து வெளியே போனேன். ரோட்டில் செக்போஸ்ட்டுக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. திரும்பி வந்து, "ஜன் ஹை ஸிக்" என்றேன். நிஜமாகவே தெரியும். குரல் உசந்திருந்தது. அவள் வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இப்ப வந்துது" என்றாள்.

இரண்டாவது இன்டர்வியூ மழைக்காலம் முடியும்போது வந்தது. இந்தத் தடவை வேறு வீடு. அம்மாவும் மகளும் மட்டும். மகள் வேலைக்குப் போகிறவள். அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவள். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தையும் தெரியாது. அதனால்தான் கான்டனீஸ் பேசுகிற ஆளாகத் தேடினார்கள். இந்தத் தடவை தவறினால் ஏஜென்சிக்காரர்கள் இனி கூப்பிட மாட்டார்கள் என்று கூட்டுக்காரி சொல்லிவிட்டாள். என் வயசுக்கே அவர்கள் யோசித்தார்களாம்.

அன்று மேகம் இறங்கி டவர் கிடைக்கவில்லை. கடையிலிருந்து மேலே வளைவு வரை நடந்து, டிரைவரின் ஜீப்புக்குள் உட்கார்ந்தோம். போனை ஸ்டியரிங்கில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். டிரைவரை இறங்கிப் போகச் சொன்னாள். அவர் வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள்தான் முதலில் பேசினாள். களைத்த முகம். படுக்கையிலிருந்து அம்மாவைத் தூக்க வேண்டும், கழிவறைக்குக் கூட்டிப் போக வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், தெரியுமா என்றாள்.

"ஜன் ஹை ஸிக்" என்றேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாள். என் புருஷனைப் பற்றிச் சொன்னேன். வார்த்தை தட்டுப்பட்ட இடத்தில் கையால் காட்டினேன். தோளுக்கு அடியில் கை கொடுப்பது, முழங்காலால் முட்டுக் கொடுப்பது. ஸீட்டில் இருந்த கூட்டுக்காரியையே புரட்டிக் காட்டினேன். அவள் தலை ஜீப் கதவில் இடித்தது. போனுக்குள் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மகள் சிரிக்கவில்லை. வேறு யாரோ.

மகள் அடுத்த கேள்வி கேட்டாள். அம்மாவுக்கு ஆவியில் வேகவைத்த மீன்தான் பிடிக்கும். அதைச் செய்யத் தெரியுமா?

என் வாயில் ஸியூ ஸியூ வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். தெரியாததையும் அதுதான் மூடும். ஆனால் தூக்கத் தெரியும் என்பதை இப்போதுதான் நிஜமாகச் சொல்லியிருந்தேன். அதன் பக்கத்தில் இதை வைத்தால் அதுவும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"யூன் ச்யூன் ம் ஸிக்" என்றேன். அடியோடு தெரியாது.

கூட்டுக்காரி என் தொடையில் கிள்ளினாள். பலமான கிள்ளு. நான் அசையவில்லை.

மகள் பக்கத்தில் யாரையோ பார்த்தாள். அப்போது போன் ஆடியது. வேறு கை வாங்கியது. திரை நிறைய ஒரு கிழவியின் நெற்றி. பிறகு கண். பிறகு முகம் முழுவதும் வந்தது. தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

"போ போ" என்றேன். குரல் சரியாக விழுந்தது.

அவள் வேகமாகப் பேசினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. கூட்டுக்காரி காதில் மீதியைச் சொன்னாள். முன்னால் வேலைக்கு வந்தவள் எல்லாம் தெரியும் என்று சொன்னாளாம். மீனை ரப்பராக்கினாளாம். மூன்று மாதத்தில் சொல்லாமல் போய்விட்டாளாம். நீயும் போவாயா என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியிற வரைக்கும் இருப்பேன்" என்று சொல்லி, முன்னால் "யத் திங்" சேர்த்தேன். கட்டாயமாக. அந்த வார்த்தையை நான் யாருக்கும் அதுவரை சொன்னதில்லை. 

கிழவி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தாள். இரவில் நான் கத்துவேன், வலியில். பயப்படுவாயா?

யோசித்தேன். என் புருஷனும் கத்தினார். சுவர் ஒன்றே ஆன லயத்தில் எல்லாருக்கும் கேட்கும்.

"பயம் ஸியூ ஸியூ" என்று சொன்னேன். அவ்வளவுதான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கிழவி மகளிடம் என்னவோ சொன்னாள். மகள் போனை வாங்கினாள். மீன் விஷயத்தில் அம்மா விடமாட்டார், வருவதற்குள் படித்துக்கொண்டு வா என்றாள். வருவதற்குள் என்று சொன்னதை நான் கவனிக்கவில்லை. கூட்டுக்காரிதான் கவனித்தாள். போன் அணைந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வர்றதுக்குள்ளன்னா என்னட்டி அர்த்தம்?"

டிரைவர் கண்ணாடியைத் தட்டினார். "என்னக்கா, போ போ என்ன சொல்லுச்சு?"

"வான்னு சொல்லுச்சு" என்றேன்.

இனிமேல்தான் கடினமான பகுதி. விசாவுக்குக் கையெழுத்துப் போட்டாலும் எஸ்டேட்டில் பெயரை வைத்துக்கொண்டு போகலாம் என்று பலரும் சொன்னார்கள். லீவு எழுதிக் கொடு. அங்கே சரிப்படாவிட்டால் திரும்பி வந்து சேர்ந்துகொள். வீடும் இருக்கும். பல பேர் அப்படித்தான் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போனார்கள். ஆபீசில் கேட்டேன். இரண்டு வருஷ லீவு கிடையாது. சில மாதத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு நீட்டிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார் கிளார்க். நல்ல மனுஷன். மலையாளி.

"சேச்சி, இன்னொருக்கா ஆலோசிச்சிட்டு வா. பேரு வெட்டினா வீடு போயி. பின்னே கிட்டில்ல."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பெயர் இருந்தால், கஷ்டம் வந்த முதல் நாளே மனசு இங்கே ஓடி வரும். கிழவி கத்துகிற முதல் ராத்திரியே வரும். என்னை எனக்குத் தெரியும். அவளிடம் கட்டாயமாக என்று சொல்லியிருக்கிறேன். பாதி வீட்டை இங்கே வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

என் மகளுக்குப் போன் செய்தேன்.

"பேர வெட்டப் போறேன். லீவுக்கு நீ இனி இங்க வர முடியாது. ஊடு இருக்காது."



"நான் லீவுக்கு அத்தை கடையில இருந்துக்கிடுதேன்" என்றாள். கூட்டுக்காரியை அவள் அத்தை என்பாள். "வெட்டும்மா."

உள்ளே போய்ச் சொன்னேன். கிளார்க் என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்து விரித்தார்.

வீட்டைக் காலி செய்த அன்று பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். பாறைக்காட்டுக்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கட்டிலின் ஒரு தலையைத் தூக்கினாள். மறு தலையை நான் தூக்கினேன். ஜீப் வரை நடந்தோம். கட்டிலை ஏற்றிய பிறகு முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"அந்தக் கெழவி ஒன்ன அடிச்சா என்னட்டி செய்வ?"

"அவளால எந்திரிக்கவே முடியாது."

"அப்ப நல்ல வேலதான்" என்றாள். என் கோழி இரண்டையும் கூடையோடு தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அதைப் பற்றி நாங்கள் முன்னால் பேசியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது கடையின் பின் அறையில் இருக்கிறேன். விசா வந்துவிட்டது. டிக்கெட் ஏஜென்சி போடும். காத்திருக்கிறேன். அதுவரை மீன்.

போடியிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வருகிறது. ஜிலேபி மீன். இட்லிக் கொப்பரையில் தட்டோடு வைக்கிறேன். அடியில் இஞ்சி, மேலே வெங்காயத்தாள். வெந்ததும் தட்டில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோயா சாஸ் ஊற்றி, காய்ந்த எண்ணெயை மேலே விட வேண்டும். சடசடவென்று சத்தம் வர வேண்டும். முதல் மீன் உடைந்தது. இரண்டாவது உள்ளே வேகவில்லை. அடுத்தது கிழவி சொன்ன ரப்பர். கடை வாசலில் கிடக்கும் நாய்கூட யோசித்தது.

கூட்டுக்காரி வாசனை பிடித்துப் பார்ப்பாள். "ஒரு நிமிஷம் முன்னாலயே எடுக்கணும்" என்பாள். எடுப்பேன். "இப்ப ரொம்ப முன்னால எடுத்துட்ட" என்பாள். மறுபடி வைப்பேன்.

நேற்று டிரைவர் வந்தார். ஒரு தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"காரம் இல்ல. புளி இல்ல. மஞ்சள்கூட இல்ல. இது காய்ச்சக்காரனுக்காக்கா?"

"தின்னு பாருங்க."

தின்றார். இன்னொரு வாய் தின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடு முள்ளை உருவிப் பார்த்தார். சதை முள்ளில் ஒட்டவில்லை. கூட்டுக்காரி அடுப்புப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாதது இதுதான் முதல் தடவை.

"பரவாயில்லையே" என்றார் டிரைவர். தட்டைத் தள்ளவில்லை. தலைப் பக்கத்தையும் உடைத்தார்.

ஒரு தடவை சரியாக வந்தால் போதாது. ஐஸ் பெட்டியில் இன்னும் இரண்டு கிடந்தன. ஒன்றை எடுத்துச் செதில் தேய்த்தேன். கொப்பரையில் தண்ணீர் ஊற்றி அடுப்பைக் கூட்டினேன்.